நிலத்தில் கிடைத்த கருஞ்சிவப்புக் கல்: 22 காரட் டாலரில் வைக்கலாமா? (வேலூர்)

கூழாங்கல்:
வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் கிணறு ஆழப்படுத்தியபோது வெளியே போட்ட மண்ணில் ஒரு கருஞ்சிவப்புக் கல் கிடைத்தது. கிட்டத்தட்ட உருண்டை, மேலே இயற்கையாகவே சப்பை சப்பையாக முகங்கள். குறுக்களவு 16 மி.மீ., எடை 8.30 கிராம். சும்மா பார்த்தால் கறுப்புதான். பின்னால் செல்போன் டார்ச் வைத்தால் ஓரங்களில் நாவல்பழச் சாறு நிறம் வருகிறது. கூடவே கண்ணாடி போல இரண்டு வெள்ளைக் கூழாங்கற்களும் உண்டு.

சிவப்புக் கல்லை வெட்டி, கையால் செய்த 22 காரட் டாலரில் வைக்க ஆசை. வெள்ளைக் கல்லில் ஒரு மோதிரம். கேள்விகள்:

கல் என்னவென்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டா? வெட்டினால் எவ்வளவு மிஞ்சும்? பொன் எத்தனை கிராம் பிடிக்கும்? விசாரித்த கடையில் "பின்பக்கம் மூடி, ஜிகினாத் தாள் வைத்தால்தான் எடுக்கும்" என்கிறார்கள். சரிதானா?

சார்னோக்கைட்:
நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு முதல் சந்தேகம் கார்னெட் என்னும் கல்வகை. ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். அவற்றில் கார்னெட் சகஜம். பாறை மக்கி மண்ணானாலும் கார்னெட் மக்காமல் தனியாக உதிர்ந்து நிற்கும். முகங்களை எண்ணிப் பாருங்கள். சாய்சதுரமாக 12 முகம் என்றால் கார்னெட்டின் இயல்பான படிக வடிவம். மாணிக்கம் என்றால் ஆறு பக்கப் பீப்பாய் வடிவத்தில் இருக்கும்.

அடுத்தது அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசு போதும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, டேர் அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லைத் தையல் நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக முங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

உங்கள் 8.30 கிராமுக்கு 2.10 காட்டினால் 3.95. அல்மண்டைன் வகைக் கார்னெட் 3.9 முதல் 4.2 வரை வரும். 3.13 காட்டினால் குவார்ட்ஸ் எனும் படிகக்கல் (அடர்த்தி 2.65). 3.3 பக்கம் காட்டினால் பெரும்பாலும் பழைய பாட்டில் கண்ணாடி. ஆற்றோரத்தில் அதுவும் நிறையக் கிடைக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுச் செய்யுங்கள். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கன அளவு கூடுதலாகக் காட்டி அடர்த்தி குறைந்துவிடும். ஒரு கிராமுக்குக் கீழான கல்லில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். கடைசிப் புள்ளி ஒன்று மாறினாலே விடை நாலு சதவீதம் நகரும்.

ஒரு சிக்கல்: மாணிக்கத்தின் அடர்த்தியும் 4.0தான். அதனால் காந்தச் சோதனையும் வேண்டும். ஒரு தெர்மாகோல் துண்டில் கல்லை வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நியோடிமியம் காந்தத்தை ஒரு விரற்கடை தூரத்தில் காட்டுங்கள். அல்மண்டைனில் இரும்பு அதிகம், மிதவையோடு காந்தத்தை நோக்கி நகரும். மாணிக்கம் அசையாது. வீட்டு ஃபிரிட்ஜ் காந்தத்தில் இது நடக்காது.

கல்லைக் கல்லால் கீறிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். விரிசல் உள்ள கல் அந்த அழுத்தத்திலேயே பிளந்துகொள்ளும்.

இன்னொன்று, உங்களுக்கு இல்லை, இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு: அமிர்தி காடு, ஜவ்வாது மலை எல்லாம் பெரும்பாலும் ரிசர்வ் ஃபாரஸ்ட். அங்கே கல் பெயர்த்து எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். பாலாற்றில் அனுமதியில்லாமல் மணல் தோண்டுவதும் குற்றம்தான். திருப்பத்தூர் சேவத்தூர் பக்கம் அபடைட் என்ற கல் உண்டு என்று யாராவது சொன்னால், உண்மைதான். ஆனால் அதன் கடினம் பத்துக்கு 5. வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் பொடியின் கடினம் 7. துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். நகைக்கு ஆகாது.

கூழாங்கல்:
நன்றி சார். தண்ணீரில் 2.10தான் காட்டியது. காந்தத்துக்கு நன்றாக நகர்கிறது. முகம் சில உடைந்திருக்கின்றன, இருப்பவை சாய்சதுரம்தான். வெள்ளைக் கல் இரண்டும் 2.6க்கு மேல் வருகின்றன.

சாணைக்காரர்:
அப்படியானால் அல்மண்டைன் கார்னெட், வெள்ளை இரண்டும் குவார்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், ஆனால் அது வேறு வகை, தேன் நிறம். ராசிக்கல் கணக்கில் இதைக் கோமேதகம் என்று யாராவது பெயர் வைத்தால் தலையாட்டாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் இருட்டறையில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிவைத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக் கோடு போல மின்னுவது எல்லாம் விரிசல். இந்த அளவுக் கார்னெட்டில் விரிசல் இல்லாமல் இருக்காது. கேள்வி எங்கே ஓடுகிறது என்பதுதான். பெரிய விரிசலின் வழியாகவே அறுக்க வேண்டும், அதற்குக் குறுக்கே அல்ல. கார்னெட்டுக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் நிறம் ஒன்றே, அதனால் திசை பற்றிய கவலை இல்லாமல் விரிசலை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம்.

16 மி.மீ. உருண்டையை நடுவில் அறுத்தால் 14க்கு 12 மி.மீ. முட்டை வடிவில், 5 மி.மீ. உயரமுள்ள குமிழ் வெட்டு (மேலே வழவழப்பான குவிவு, அடி சமதளம்) இரண்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 1.7 கிராம், அதாவது கல் கணக்கில் எட்டரைக் காரட் (ஒரு காரட் 0.2 கிராம்). இரண்டும் சேர்ந்து மூலக் கல்லில் 40 சதவீதம்தான். மீதி சேறாகப் போகும். விரிசல் படுத்தினால் ஒன்றுதான் தேறும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு கொடுங்கள். பட்டை வெட்டு (சப்பை சப்பையாகப் பல முகம் தீட்டுவது) வேண்டாம். இவ்வளவு அடர்ந்த கல்லில் பட்டை போட்டால் ஒளி உள்ளே போய்த் திரும்புவதற்குள் நிறம் விழுங்கிவிடும், மேஜைமேல் வைத்தால் கரித்துண்டு.

நிறம் வரவைக்க ஒரே நல்ல வழி, குமிழின் அடிப்பக்கத்தைக் குடைவது. ஓரத்தில் 2 மி.மீ. அகலத்துக்குச் சமதளமாக விட்டுவிட்டு, நடுவில் 10க்கு 8 மி.மீ. பரப்பை 2.5 மி.மீ. ஆழம் குழிவாக எடுக்கச் சொல்லுங்கள். ஒளி கடக்கும் தூரம் பாதியாகிறது, கறுப்பு போய்ச் சிவப்பு திறக்கும். கல் எடையும் 1.3 கிராம் ஆகிவிடும். அதற்குமேல் குடைந்தால் ஓரம் மடக்கும்போது உடையும்.

சாணை வரிசை (எண் ஏற ஏறத் தூள் நைசு): 220, 600, 1200, 3000, பிறகு தோலில் அலுமினா பாலிஷ். குவார்ட்ஸுக்கு சீரியம் ஆக்சைடு. வெட்டுகிறவர்கள் அவசரப்படுவது 600இல்தான். 220 போட்ட கீறல் மொத்தமும் அங்கே போகாவிட்டால் பாலிஷில் ஒவ்வொன்றும் தலைகாட்டும். கல்லைத் துடைத்து உலர்த்திப் பார்த்தால்தான் தெரியும், ஈரத்தில் எல்லாக் கல்லும் வழவழப்புதான். கல்லைக் குச்சியில் ஒட்டும் அரக்கு சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் ஓடிவிடும். தானே ஆறட்டும்.

அடி விளிம்பில் சுற்றிலும் அரை மி.மீ. சாய்வாக மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள். காரணத்தை ஆசாரி சொல்வார்.

வெட்டக் கொடுக்க காங்கேயம், கரூர் பக்கம் இயற்கைக் கல் வேலை உண்டு. திருச்சியில் செயற்கைக் கல் பட்டை வெட்டுத்தான் அதிகம். குவார்ட்ஸை வீட்டில் யாராவது தேய்த்துப் பார்ப்பதானால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உலர்ந்த தூசி நுரையீரலில் தங்கினால் போகாது.

பொடிவைத்து_ஊதுகிறவன்:
வெட்டின கல் கைக்கு வராமல் பொன் வேலையைத் தொடங்கக் கூடாது. "14க்கு 12 என்று சொல்லிவிட்டேன், டாலரைச் செய்து வையுங்கள்" என்றால் கால் மி.மீ. வித்தியாசத்தில் எல்லாம் போச்சு. கல்லை வைத்துத்தான் தகடு வளைக்கிறது.

மூடின செட்டிங் பற்றி. கெம்பு (சிவப்புக் கல்) வேலையில் அடி சப்பையான கல்லுக்குப் பின்னால் பளபளப்புத் தாள் வைத்து, அரக்கு நிரப்பி மூடுவது பழைய முறை. அந்த வேலைக்கு அது சரி. உங்கள் கல் குடைந்தது, பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் நிறம். மூடினால் சாணைக்காரர் பட்ட பாடு வீண். இன்னொன்று, வியர்வையும் குளிக்கிற தண்ணீரும் மெல்ல உள்ளே போய்த் தாள் கறுக்கும், பிறகு கல்லைப் பெயர்க்காமல் சரிசெய்ய முடியாது. அரக்கின் எடையும் மொத்த எடையில் சேரும். பின்பக்கம் திறந்து வையுங்கள்.

பொன் கணக்கு, 14க்கு 12 கல்லுக்கு:

கல்லைச் சுற்றும் ஓரத்தகடு 42 மி.மீ. நீளம், 3.5 மி.மீ. உயரம், 0.35 மி.மீ. கனம்: 0.9 கிராம். அடித்தகடு அரை மி.மீ. கனம், நடுவில் 10க்கு 8 ஜன்னல் அறுத்தது: முக்கால் கிராம். (மூடினால் இன்னும் அரை கிராமுக்கு மேல்.) சுற்றிலும் 0.6 மி.மீ. கம்பி இரண்டை முறுக்கி வைத்தால் 0.6. செயின் நுழையும் வளையம், இணைப்பு எல்லாம் 0.7. ஆக மொத்தம் 3 கிராம் சுற்று, அரைப் பவுனுக்கும் கீழே. ஆனால் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போட 4.5 கிராமாவது வேண்டும். மீதம் துண்டாகவும் அரப்பொடியாகவும் நிற்கும், அதை எடைபோட்டுத் திருப்பி வாங்குங்கள். சேதாரம் என்று அதை யாரும் எழுதிவிடக் கூடாது.

சுத்தத் தங்கத்திலிருந்து உருக்கினால் 4.5 கிராமுக்கு 4.13 தங்கம், 0.37 கலப்பு. கலப்பு முழுக்கச் செம்பு என்றால் சிவந்த நிறம், பாதிக்குப் பாதி வெள்ளி சேர்த்தால் மஞ்சள். கார்னெட்டுக்குக் கொஞ்சம் சிவந்த பொன் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். பழைய நகையைப் போட்டு உருக்குவதானால் ஈயம் வைத்து ஒட்டின பாகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துளி ஈயம் கலந்தாலும் ரோலரில் விடும்போது தகட்டின் ஓரம் பொரிப்பொரியாக வெடிக்கும். அதை மறுபடி காய்ச்சினாலும் சரியாகாது, சுத்திகரிக்கத்தான் கொடுக்க வேண்டும்.

தகடு பாதிக் கனம் குறைவதற்குள் ஒருமுறை காய்ச்சி இளக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, மங்கின சிவப்பு தெரிந்தவுடன் தீயை எடுங்கள். வெளிச்சத்தில் பார்த்துச் செய்தால் சூடு கடந்துபோயிருக்கும்.

மூட்டுகளை உருகி ஒட்டும் பொன் பொடி மூன்று தரம் வேண்டும். ஓரத்தகட்டின் மூட்டுக்குக் கடினமான பொடி, அடித்தகட்டோடு சேர்க்க நடுத்தரம், வளையம் ஒட்ட இளகினது. வரிசை மாறினால் இரண்டாவது ஊதலில் முதல் மூட்டு வாய் பிளக்கும். ஓரத்தகட்டு மூட்டு ஒளி புகாத அளவுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். பொடி இடைவெளியை நிரப்பாது, ஒட்டியதைத்தான் ஒட்டும். மூன்றும் 22 காரட்டுக்கு உரிய பொடியாகவே இருக்கட்டும், மட்டமான பொடி வைத்தால் சோதனையில் தரம் இறங்கும். காட்மியம் பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 767 டிகிரியில் ஆவியாகிறது, பட்டறையில் அதைச் சுவாசிக்கிறவன் நான்தான்.

ஊதும்போது பூசின வெங்காரம் போக டாலரைப் படிக்காரக் கரைசலில் கொதிக்கவைத்து எடுத்து, அரம், பாலிஷ் எல்லாம் முடித்த பிறகுதான் கல். கல் உட்கார்ந்தபின் தீ காட்டக் கூடாது. குவார்ட்ஸ் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறி வெடிக்கும். கார்னெட் கொஞ்சம் தாங்கும், ஆனால் விரிசல் உள்ளது தாங்காது. வளையம் ஒட்ட மறந்துவிட்டால் கல்லைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பதிக்கும் முன் கல்லை உட்காரவைத்துப் பாருங்கள். கீழே ஒரு நூலைக் குறுக்காகப் போட்டு வைத்தால் திருப்பி எடுக்கலாம், இல்லாவிட்டால் இறுகிப்போய்த் தலைகீழாகத் தட்ட வேண்டிவரும். அடித்தகடும் ஓரத்தகடும் சேருமிடத்தில் பொடி ஓடி மூலையில் சின்ன மேடு நிற்கும். கல்லின் அடி விளிம்பு கூராக இருந்தால் அந்த மேட்டில் ஏறி ஒருபக்கம் ஆடும். அழுத்தும்போது அங்கேதான் சில்லு தெறிக்கும். மழுக்கச் சொன்னது இதற்குத்தான்.

டாலரை அரக்குக் கட்டையில் பிடித்து, ஓரத்தகட்டை மேலே ஒரு தள்ளு, நேர் எதிரே கீழே ஒரு தள்ளு, பிறகு இடது வலது, பிறகு இடைப்பட்ட நாலு இடம். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் கடைசியில் தகடு மடிப்பாகச் சேர்ந்து நிற்கும், அதை அமுக்க முடியாது. கடைசியாக மெருகுக்கோலால் (வழவழப்பான எஃகுக் கோல்) சுற்றி இழுத்துவிட்டால் நகம் மாட்டாது. நகம் மாட்டினால் புடவை நூலும் மாட்டும்.

கூழாங்கல்:
அண்ணே, ரொம்ப நன்றி. மோதிரத்துக்கும் இதே ஓரத்தகடுதானா? வெள்ளைக் கல்லைப் பட்டை வெட்டிக் கம்பிக் கொக்கி நாலு வைத்து எடுக்கலாம் என்று நினைத்தேன்.

சார்னோக்கைட்:
கொக்கி வைப்பதானால் 18 காரட்டில் செய்யுங்கள். 22 காரட் இளகினது, விரலில் தினமும் அடிபடும்போது கொக்கி நிமிர்ந்துவிடும்.

பொடிவைத்து_ஊதுகிறவன்:
சார் சொல்வது கொக்கிக்குச் சரி. ஆனால் 18 காரட் மோதிரத்தை நம்ம ஊரில் திருப்பிக் கொடுக்கப் போனால் முகம் சுளிப்பார்கள். 22இலேயே ஓரத்தகடு 0.5 மி.மீ. கனத்தில் வைத்தால் நிற்கும், கொக்கி கேட்காதீர்கள். 18 காரட் கொக்கியை 22 காரட் மோதிரத்தில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம், குறைந்த தரத்தைத்தான் சோதனை எடுக்கும்.

சாணைக்காரர்:
வெள்ளைக் குவார்ட்ஸுக்குப் பட்டை வெட்டினால் அடிக்கோணம் (கீழ்ப்பக்கப் பட்டைகளின் சாய்வு) 42, 43 டிகிரிக்குக் குறையக் கூடாது. கோணம் குறைந்தால் கல்லின் நடுவில் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஓட்டை தெரியும், கீழே இருக்கும் விரல் ரேகை வரைக்கும் படிக்கலாம். வைரத்துக்குப் பழகின கை 41இல் நிறுத்திவிடும். சொல்லிக் கொடுங்கள். இவ்வளவு செய்தும் அது வைரம் போல மினுங்காது. குவார்ட்ஸ் குவார்ட்ஸ்தான்.

பில்_பத்திரம்:
வேலை பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். காசு விஷயம் நான் சொல்கிறேன்.

கல்லைக் கொடுக்கும்போது வெட்டின கல்லின் எடை, அளவு, கீழே டார்ச் வைத்து எடுத்த போட்டோ மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். உள்ளே ஓடும் கோடுகள்தான் கல்லின் கைரேகை, மாறினால் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். பொன்னைக் கொடுக்கும்போது தரமும் எடையும்.

நகையாக வாங்கும்போது மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் டாலர் மொத்தம் 4.3 கிராம் என்றால் 1.3 கல், 3.0 பொன். சேதாரமும் கூலியும் 3.0க்குத்தான். 4.3க்குச் சதவீதம் போட்டுவிட்டால் தங்கம் இல்லாத எடைக்கும் தங்கக் காசு கொடுக்கிறீர்கள்.

ஹால்மார்க்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916, நகைக்கு நகை மாறும் அடையாளமான ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. இந்த மூன்றும். 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் கீழும், குந்தன், போல்கி, ஜடாவ் எனும் வடநாட்டுக் கல் பதிப்பு வேலைக்கும் விலக்கு உண்டு. உங்கள் டாலர் விலக்கில் வராது. பதிவு பெற்ற நகைக்கடை மூலமாகத்தான் முத்திரைக்கு அனுப்ப முடியும், நீங்களோ ஆசாரியோ நேரடியாகப் போனால் போட்டுத் தர மாட்டார்கள். அதனால் வேலூர் லாங்கு பஜாரில் பதிவு உள்ள கடை வழியாக வேலையைக் கொடுப்பது சுலபம். கல் வைப்பதற்கு முன் முத்திரைக்கு அனுப்புவதா பின்பா என்று அவர்களிடமே முதலில் பேசிவிடுங்கள். தனியாக ஆசாரியிடம் செய்தால் பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தரம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய்.

திருப்பி விற்கும்போது கார்னெட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்க மாட்டார்கள், கழித்துவிட்டுப் பொன்னுக்குத்தான் விலை. அதனால் "இது லட்சம் போகும்" என்று யாராவது ஆசை காட்டினால் அது உங்களுக்குக் கூலியை ஏற்றுவதற்கு.

கூழாங்கல்:
கடைசியாக ஒன்று. பிறகு கழுவுவது எப்படி? கடையில் மிஷினில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள்.

பொடிவைத்து_ஊதுகிறவன்:
விரிசல் உள்ள கல்லை அதிர்வு மிஷினில் போடக் கூடாது. நாலு பூந்திக்கொட்டையை விதை நீக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, நுரைவந்த தண்ணீரில் பிள்ளைகள் பல் துலக்கும் மெல்லிய பிரஷால் பின்பக்கக் குழிவைத் தேயுங்கள். திறந்த செட்டிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் சேரும், சேர்ந்தால் கல் மறுபடி கறுப்பாகத் தெரியும். கழுவினபின் கல்லை விரலால் லேசாகத் தட்டிக் காதருகே கேளுங்கள். கிளிக் என்று சத்தம் வந்தால் ஓரத்தகடு தளர்ந்திருக்கிறது, போட்டுக்கொண்டு போகாமல் எடுத்து வாருங்கள்.